ஒற்றைக் கையால் திறக்கும் கத்தி

மச்சான் தன் மிலிட்டரி கத்தியை என் பட்டறையில் கொடுத்துவிட்டுப் போன மறுநாள், பரமக்குடிக்கு வரும் முதல் பஸ்ஸில் அக்கா வந்து இறங்கினாள். வருவதாக ஒரு போன்கூடச் செய்யவில்லை. நான் அப்போதுதான் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். குனிந்து உள்ளே வந்தவள் உட்காரவில்லை, தண்ணீர் கேட்கவில்லை.

"ஏலே, அவரு கத்திய எங்க வச்சிருக்க?" என்றாள்.

மேஜை இழுப்பறையைக் காட்டினேன். அதை இழுத்து, கத்தி அங்கேதான் கிடக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். டிராக்டர் கலப்பைக்குக் கொழு அடிப்பது, வீடுகளுக்கு கேட், கிரில் செய்வது, இதுதான் சோறு போடும் வேலை. மிலிட்டரி கத்திகள் தாமாக வந்து ஒட்டிக்கொண்டவை. எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேராவது பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவர்கள். அவர்களில் பலரிடம் அந்த மடக்குக் கத்தி இருக்கும். கட்டம் போட்ட கறுப்புக் கைப்பிடி, அகலமான அலகு ஒன்று, டின் திறக்கும் கொக்கி ஒன்று, இறுகிப்போன கயிற்று முடிச்சை நெம்பி அவிழ்க்க முதுகுப் பக்கம் தடித்த ஊசி ஒன்று, இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு வளையம். கையில் எடுத்தால் படிக்கல் போலக் கனக்கும்.

துருவேறித் திறக்காமல் கிடந்த கத்தி ஒன்றை ஒரு பெரியவர் கொண்டுவந்தார். ரிவிட்டைத் துளைத்துப் பிரித்து, துரு நீக்கி, எண்ணெய் விட்டு, புது ரிவிட் அடித்துக் கொடுத்தேன். அவர் போய் நாலு பேரிடம் சொல்ல, ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஒருவர் ஆட்டுக் குளம்பு சீவுவதற்காக அலகைக் குறுக்கச் சொன்னார். இன்னொருவர் உடைந்துபோன கைப்பிடிக்குப் பதிலாகப் புளியங்கட்டை போடச் சொன்னார். பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஒன்றைச் சரிசெய்து நானே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிந்தேன். அந்தக் கனத்துக்குப் பழகிவிட்டால், அது இல்லாத நாளில் உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பதுபோல இருக்கும்.

மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். சிக்கல் பக்கத்தில் அவர்களுக்கு மிளகாய்க் காடும் கொஞ்சம் நெல் வயலும் உண்டு. வருஷக்கணக்கில் ராணுவத்தில் இருந்துவிட்டு, வடக்கே மலைப்பாதையில் லாரி உருண்டதில் வலது கை நசுங்கி ஊருக்கு வந்தவர். எலும்பு கூடிவிட்டது. ஆனால் அந்தக் கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் மடங்கும், அவற்றிலும் பிடிமானம் கிடையாது. விபத்தைப் பற்றி யார் கேட்டாலும், "லாரி உருண்டுச்சு," என்பதோடு நிறுத்திவிடுவார். அதற்கு மேல் கேட்டால் எழுந்து போய்விடுவார்.

முந்தின நாள் வந்தபோது அவர் கேட்டது ஒன்றைத்தான்.

"மாப்ள, இத ஒத்தக் கையில திறக்குற மாதிரி பண்ணணும். இடது கட்டைவிரலால தள்ளுனா சடக்குன்னு வரணும்."

அந்தக் கத்தியின் ஸ்பிரிங் மிகவும் முரட்டு ஸ்பிரிங். நல்ல கை இரண்டு இருப்பவனே நகம் பெயர இழுக்க வேண்டும். ஸ்பிரிங்கைத் தேய்த்து மெல்லிசாக்கி, அலகில் துளை போட்டு, விரல் பட ஒரு பித்தளைக் குமிழ் வைத்தால் நடக்கும் என்றேன். "ஆனா ரொம்ப லேசாயிட்டா பையிலயே தானாத் திறந்துக்கும் மச்சான். கையக் கிழிச்சிரும்."

"திறக்கணும். எனக்கு அதுதான் வேணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டீகூடக் குடிக்கவில்லை.

அக்கா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரு தூங்கி எத்தனையோ நாளாச்சு. எந்நேரமும் அந்தக் கத்தியத் திறக்குறதும் மூடுறதுமா இருக்காரு. கையால முடியலன்னா முழங்கால்ல வச்சு அழுத்துறாரு. நாலு நாளைக்கு முந்தி மோட்டார் ரூமுக்குச் சோறு கொண்டுக்கிட்டுப் போனேன். கதவச் சாத்திக்கிட்டு உள்ள உட்கார்ந்திருக்காரு. கத்தி திறந்து மடியில கெடக்கு. நான் உள்ள வந்தது அவருக்குத் தெரியல. கூப்பிட்டேன், காதுல விழல. தோளத் தொட்டதும் ஒரு பார்வை பார்த்தாரு பாரு, நான் யாருன்னே தெரியாத மாதிரி."

"நீ என்னக்கா நெனைக்கிற?"

"நெனைக்கிறத வாயால சொல்ல மாட்டேன்."

"அவர்ட்ட கேட்டுப் பார்த்தியா?"

"கேட்டா எந்திரிச்சுப் போயிருவாரு. தோட்டத்துப் பக்கந்தான் போவாரு. அதுக்குப் பயந்துக்கிட்டே கேக்குறதில்ல."

அரிவாள்மனையைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவைத்திருக்கிறாள். அரிவாளையும் பூச்சிமருந்தையும் அறையில் போட்டுப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகியிருக்கிறாள். மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் மகளிடம் எதுவும் சொல்லவில்லை. கத்தி ஒன்றுதான் அவள் கைக்கு வராமல் இருந்தது. அதை அவர் குளிக்கும்போதுகூடத் துண்டில் சுற்றி எடுத்துப் போவாராம்.

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிரு," என்றாள்.

"நம்ப மாட்டாரு. நம்புனாலும் கடையில போயி வேற வாங்குவாரு. அது இதவிடக் கூரா இருக்கும்."

வெளியே யாரோ கேட் விஷயமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டு, எங்கள் முகத்தைக் கண்டு அப்புறம் வருவதாகச் சொல்லிப் போனார்.

"அப்ப வெட்டாம ஆக்கு," என்றாள் அக்கா. "அவரு கேட்டதையும் செஞ்சு குடு. திறக்கட்டும். ஆனா அது ஒண்ணையும் வெட்டக் கூடாது."

அடுத்த பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள். பிளவுஸ் தைக்கக் கொடுக்கப் பரமக்குடி போவதாகச் சொல்லிவிட்டு வந்தவள், நிஜமாகவே ஒரு துணியை டெய்லரிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

கத்தியின் கூரை மழுக்கினால் மட்டும் போதாது. மழுங்கிய கத்தியை யாரும் கல்லில் நாலு இழுப்பு இழுத்துக் கூராக்கிவிடலாம். மச்சான் அரைமணி நேரத்தில் ஆக்கிவிடுவார். திரும்பவும் கூர் ஏறாமல் இருக்க வேண்டுமென்றால் இரும்பின் பதத்தையே எடுத்துவிட வேண்டும். அது எப்படி என்று எனக்குத் தெரியும். கிரைண்டரில் கத்தி பிடிக்கிற எவனும் முதலில் கற்றுக்கொள்வது அதைச் செய்யாமல் இருப்பதைத்தான். அலகு சூடேறாமல் நிமிஷத்துக்கு ஒருதரம் தண்ணீரில் முக்கி எடுக்க வேண்டும். முக்காமல் அழுத்தினால் விளிம்பில் முதலில் வைக்கோல் நிறம் வரும், அப்புறம் பழுப்பு, அப்புறம் நீலம். நீலம் பாய்ந்துவிட்டால் அந்த அலகு தகரம்தான். எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது.

மத்தியானம் பட்டறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து உட்கார்ந்தேன். முதலில் அவர் கேட்ட வேலையைச் செய்தேன். ஸ்பிரிங்கைப் பிரித்தெடுத்து அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்தேன். அலகில் துளை போட்டு, பித்தளையைக் கடைந்து குமிழ் வைத்தேன். பொருத்தி இடது கட்டைவிரலால் தள்ளினேன். சடக்கென்று வந்து நின்றது. அவ்வளவு சுத்தமாக எந்தக் கத்தியும் என் கையில் திறந்ததில்லை. அதோடு எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்தேன்.

பிறகு கிரைண்டரைப் போட்டேன். தண்ணீர்ச் சட்டியைக் காலால் தள்ளி வைத்தேன். அலகை வைத்து அழுத்தியபோது கை பின்னால் இழுத்தது. பழக்கம் அப்படி. மறுபடி வைத்து அழுத்தினேன். நுனியிலிருந்து அடிவரை நீலம் ஓடும்வரை எடுக்கவில்லை. பிறகு நீலம் தெரியாமல் இருக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன், நுனியை உருட்டினேன். ஆனால் அலகின் அடியில், குமிழுக்குக் கீழே, பட்டாணி அளவுக்கு நீலம் தங்கிவிட்டது. அங்கே தாள் நுழையவில்லை. யார் பார்க்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் மச்சான் வந்தார். கத்தியை வாங்கி இடது கையால் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். முகத்தில் ஏதோ தளர்ந்தது. பிறகு அலகைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். கட்டைவிரல் சதையை விளிம்பில் வைத்து மெதுவாக இழுத்தார். நான் கிரில் கம்பியை எடுத்து வெல்டிங் வைப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"நுனி?" என்றார்.

"ஒடிஞ்சிருந்துச்சு மச்சான். அதான் உருட்டி விட்டேன்."

"ஒடிஞ்சிருந்துச்சா?"

"ஆமா."

என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. "சரி," என்றார். கத்தியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார்.

அன்றிலிருந்து அக்கா தினமும் போன் செய்தாள். காலையில் ஒன்று, பொழுது சாய ஒன்று. பேச்சு ஒன்றும் இருக்காது. "இருக்காரு," என்பாள். அந்த ஒரு சொல்லுக்காக நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். வெல்டிங் சத்தத்தில் கேட்காமல் போய்விடுமோ என்று பனியனுக்குள் செருகிக்கொண்டு வேலை செய்தேன். ஒருநாள் காலை போன் வரவில்லை. நான் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். வண்டியை எடுத்துக்கொண்டு பாதி தூரம் போன பிறகு கூப்பிட்டாள். மிளகாய்ப் பழம் பறிக்க ஆள் வந்திருந்ததாம், போனை வீட்டில் வைத்துவிட்டாளாம். ரோட்டோரம் வண்டியை நிறுத்தி அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவளும் திட்டினாள். பிறகும் இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை மச்சானே கூப்பிட்டார். அவர் எனக்குப் போன் செய்கிற பழக்கமே கிடையாது.

"நாளைக்கு தனுஷ்கோடி போவமா மாப்ள? ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்துர்றேன். அங்கன இருந்து ஒன் வண்டியில போயிருவோம்."

"அக்காவும் வருதா?"

"நீயும் நானும் மட்டும்."

அக்காவிடம் சொன்னேன். "போ," என்றாள். "ஆனா அவரத் தனியா விட்டுராத. ஒண்ணுக்கு இருக்கப் போனாலும் கூடப் போ."

காலை எட்டு மணிக்கு அவரை ஏற்றிக்கொண்டேன். வெள்ளைச் சட்டை, நன்றாகச் சவரம் செய்திருந்தார். வழியில் பேச்சே இல்லை. சட்டைப் பையில் இருந்த கத்தி, வண்டி குலுங்கும்போதெல்லாம் என் முதுகில் இடித்தது. மழுங்கலாக்கியது நான்தான் என்று எனக்குத் தெரியும். இருந்தும் ஒவ்வொரு இடிக்கும் உடம்பு விறைத்தது.

மண்டபம் தாண்டிப் பாலத்துக்கு முன்னால் வாகனச் சோதனை. எங்கள் வண்டியையும் ஓரம் கட்டச் சொன்னார்கள். இளவயதுப் போலீஸ்காரர் ஒருவர் என் லைசென்ஸைப் பார்த்துவிட்டு மச்சானின் சட்டைப் பையைச் சுட்டிக்காட்டினார்.

"என்னண்ணே அது?"

மச்சான் கத்தியை எடுத்து நீட்டினார். கூடவே முன்னாள் ராணுவத்தினர் அட்டையையும் கொடுத்தார். போலீஸ்காரர் குமிழைத் தள்ள, அலகு சடக்கென்று வந்தது. அவர் முகம் மாறியது.

"என்னண்ணே இது, பட்டன் கத்தி மாதிரியில்ல இருக்கு? இதெல்லாம் வச்சுக்கிட்டுக் கோயில் பக்கம் போகக் கூடாதுல்ல?"

"மிலிட்டரி கத்தி தம்பி. கை வராது, அதனால மாத்துனது," என்று வலது கையைத் தூக்கிக் காட்டினார் மச்சான்.

போலீஸ்காரர் அந்தக் கையைப் பார்த்தார். பிறகு அலகில் விரலை வைத்து இழுத்தார். இன்னொரு தரம் அழுத்தி இழுத்தார். சிரித்துவிட்டார்.

"இது வெங்காயம்கூட நறுக்காது போலயேண்ணே. எவன் தீட்டுனான் இத?"

நான் வண்டியின் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நம்ம ஆளுதான்," என்றார் மச்சான்.

போலீஸ்காரர் கத்தியைத் திருப்பிக் கொடுத்து, கோயிலுக்குள் கொண்டுபோக வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். பாலத்தில் ஏறினோம். காற்று வண்டியை ஒரு பக்கமாகத் தள்ளியது. பாலம் முடிகிறவரை அவர் ஏதாவது சொல்வார், இப்போது சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. அவருடைய இடது கை என் தோளில் இருந்தது, அவ்வளவுதான்.

தனுஷ்கோடியில் ரோடு முடிகிற இடத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வேன்களில் வந்தவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மச்சான் கூட்டத்தைத் திரும்பிப் பார்க்காமல், வந்த வழியிலேயே திரும்ப நடந்தார். அப்புறம் தடுப்புக் கல்லைத் தாண்டி ஆண்கடல் பக்கம் இறங்கினார். அங்கே ஒரு பக்கம் கடல் குளம் மாதிரி கிடக்கும், அது பெண்கடல். இன்னொரு பக்கம் அலை அறைந்துகொண்டே இருக்கும். இறங்காதே என்று எழுதிப் போட்டிருப்பது அந்தப் பக்கத்துக்குத்தான். நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். மணல் கொதித்தது.

அவர் பேண்ட்டை மடிக்கவில்லை. அப்படியே தண்ணீருக்குள் நடந்தார். முழங்கால் நனைந்தது. நிற்கவில்லை.

"மச்சான்!"

அலை ஒன்று வந்து அவர் இடுப்பில் அறைந்து திரும்பியது. கால் தடுமாறியது. நான் பாய்ந்து சட்டையின் பின்பக்கத்தைக் கொத்தாகப் பிடித்துவிட்டேன். தையல் பிரியும் சத்தம் கேட்டது.

"கைய எடு," என்றார், திரும்பாமல்.

"வெளிய வாங்க."

"கைய எடு மாப்ள. நான் ஒண்ணும் பண்ணல. நிக்கிறேன்."

எடுக்கவில்லை. காலடியில் மணல் அரித்து ஓடியது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அப்படியே நின்றோம். தூரத்தில் யாரோ விசில் ஊதினார்கள், எங்களைப் பார்த்துத்தான். அவர் திரும்பி, என்னையும் இழுத்துக்கொண்டு கரைக்கு வந்து ஈர மணலில் உட்கார்ந்தார். கத்தியை எடுத்து, திறந்து, எனக்குக் காட்டினார். குமிழுக்குக் கீழே விரலை வைத்தார்.

"நீலம் பாஞ்சிருக்கு. தெரியாமப் பாஞ்சதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரிஞ்சேதான் மச்சான்."

"அவ சொன்னாளா?"

அக்கா யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றிருந்தாள். ஆனாலும் தலையை ஆட்டினேன்.

"என்னத்தப் பார்த்தாளாம்?"

"மோட்டார் ரூம்ல... கத்தியத் திறந்து மடியில வச்சிருந்தீங்கன்னு."

அவர் தலை குனிந்து மணலைப் பார்த்தார். "அன்னைக்கு நான் ஒண்ணும் செய்ய நெனைக்கல," என்றார். "அதுக்கு முந்தி ரெண்டு தடவ நெனைச்சேன். அத அவ பார்க்கல."

அவரே பேசினார். அத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை.

லாரியின் பின்னால் சாமான்களோடு அவரும் இன்னொருவரும் இருந்திருக்கிறார்கள். வளைவில் லாரி உருண்டு கீழே ஓடைக்குள் விழுந்தது. சாமான் கட்டியிருந்த கயிறு மற்றவரின் நெஞ்சைச் சுற்றி இறுக்கிக்கொண்டது. மச்சானின் வலது கை இரும்புச் சட்டத்துக்கு அடியில். இடது கை மட்டும்தான் வெளியே.

"கத்தி பையில இருந்துச்சு மாப்ள. எடுத்துட்டேன். திறக்க முடியல. ஒத்தக் கையில அந்த ஸ்பிரிங் வராதுல்ல. பல்லால கடிச்சு இழுத்தேன். வழுக்குது. அவன் என்னையப் பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். ஆள் வர ரொம்ப நேரமாச்சு. நடுவுல கூப்பிடுறத நிறுத்திட்டான்."

அவருடைய முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். விபத்தில் எங்கோ மோதியது என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

"அதத்தான் திறந்து திறந்து பார்ப்பேன். எத்தன தடவ பார்த்தாலும் வராது. ஒன்கிட்ட குடுத்தேன். நீ திறக்குற மாதிரி செஞ்சுட்ட." அலகை விரலால் தட்டினார். "இப்பத் திறக்குது. வெட்டத்தான் மாட்டேங்குது."

நான் அழுதேன். அவர் அழவில்லை. "பட்டறையிலயே தெரியும் எனக்கு," என்றார். "கேட்டா ஏன்னு நீ சொல்லுவ. சொன்னா நான் பதில் சொல்லணும். அதான் கேக்கல."

"இன்னைக்கு எதுக்கு மச்சான் இங்கன வந்தீங்க?"

"வீட்ட விட்டு எங்கயாச்சும் போகணும்போல இருந்துச்சு. தனியாப் போனா திரும்பி வர மாட்டனோன்னு பயமா இருந்துச்சு," என்றார்.

அக்காவிடம் சொல்ல வேண்டும் என்றேன். வேண்டாம் என்றார். நான் பிடிவாதமாக நின்றேன். "நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன். இத நான் மட்டும் வச்சுக்கிட்டு இருக்க முடியாது," என்றேன். கோபப்பட்டார். எழுந்து நடந்தார், நானும் கூடவே நடந்தேன். வண்டி நின்ற இடம் வந்ததும், "சரி. வீட்டுல வச்சுச் சொல்றேன். நீ பக்கத்துல இரு," என்றார்.

பொழுது சாயும்போது சிக்கல் வந்து சேர்ந்தோம். களத்தில் மிளகாய் பரப்பியிருந்தது. அக்கா அதைக் குவித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் வருவதைப் பார்த்ததும் கூடையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். மச்சானின் சட்டை முதுகில் கிழிந்து ஒரு தோளில் தொங்கியது, உப்புப் பூத்திருந்தது. அவள் கண் முதலில் அங்கேதான் போனது.

அவர் களத்து ஓரத்திலேயே உட்கார்ந்து சொன்னார். எனக்குச் சொன்னதைவிடக் குறைவாகத்தான் சொன்னார். ஆனால் அந்த இரண்டு தடவையையும் மறைக்கவில்லை. அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்தது.

"ரெண்டு தடவையா?" என்றாள். "ரெண்டு தடவ சாகணும்னு நெனைச்சீங்களே, ஒரு தடவ என்னையக் கூப்பிடணும்னு தோணலையா? இத்தன நாளு பக்கத்துல படுத்திருந்தேனே, நான் யாரு ஒங்களுக்கு?"

அவள் கையில் மிளகாய்க் காந்தல் இருந்தது. மறந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டுவிட்டாள். துடித்துப்போனாள். மச்சான்தான் தொட்டியில் தண்ணீர் மொண்டு, இடது கையால் அவள் முகத்தில் அடித்தார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நான் கூடையை எடுத்து மிச்ச மிளகாயைக் குவித்தேன்.

மறுநாள் காலை மூன்று பேரும் மதுரைக்குப் போனோம். அங்கே ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தோம். என்னைவிட வயதில் சின்னவர். மச்சானை உள்ளே வைத்து வெகுநேரம் பேசினார். பிறகு அக்காவையும் என்னையும் கூப்பிட்டு, வீட்டில் கூரான பொருள் எதுவும் அவர் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்க வேண்டாம், அவரிடம் கத்தி ஏதாவது இருக்கிறதா என்றார்.

"ஒண்ணு இருக்கு டாக்டர்," என்றாள் அக்கா. "ஆனா அது வெங்காயம்கூட வெட்டாது."

போலீஸ்காரர் சொன்னதை அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மச்சான் உடைந்த பல் தெரியச் சிரித்துவிட்டார். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஆனாலும் கத்தியை அன்றே அக்கா வாங்கி வைத்துக்கொண்டாள். அவரும் கொடுத்துவிட்டார்.

மாத்திரை உடனே ஒன்றும் செய்துவிடவில்லை. முதல் மாதம் பகலெல்லாம் தூங்கினார், பேச்சு குழறியது, நிறுத்திவிடுவேன் என்றார். அக்கா மல்லுக்கட்டினாள். மாதாமாதம் மதுரைக்குப் போகும்போதெல்லாம் அந்த இன்னொருவரைப் பற்றி டாக்டரிடம் பேசுகிறார் என்று தெரியும். என்ன பேசுகிறார் என்று நாங்கள் கேட்பதில்லை. மகளிடமும் அவரே சொல்லிவிட்டார்.

நானும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். இப்போதும் பட்டாளத்துக்காரர்கள் கத்தி கொண்டுவருகிறார்கள். முன்பெல்லாம் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் கேட்பேன். இப்போது உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்து, எதற்கு என்றும் கேட்கிறேன். சிலருக்கு எரிச்சல் வருகிறது. ஒருவர் கத்தியைத் திரும்ப வாங்கிக்கொண்டே போய்விட்டார். ஆட்டுக் குளம்புக்கு என்பவர் ஆட்டைப் பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போகிறார்.

போன வாரம் மத்தியானம் மச்சான் போன் செய்தார். வெல்டிங்கை நிறுத்திவிட்டு எடுத்தேன். மழையைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் ஏதோ சொன்னார். நடுவில் நிறுத்தினார்.

"இன்னைக்கு மனசு சரியில்ல மாப்ள."

"அக்கா எங்க?"

"இங்கனதான் இருக்கா. அவகிட்டயும் சொல்லிட்டேன். ஒன்கிட்டயும் சொல்லச் சொன்னா."

"வாரேன் மச்சான். போன வச்சிராதீங்க," என்று சொல்லிக்கொண்டே ஷட்டரை இறக்கினேன்.